வெக்கையும் கொசுவும் சேர்ந்த காட்டுப்பாதைக்கு உடை தேர்வது எப்படி

வெக்கை துணியைக் குறைக்கச் சொல்கிறது. கொசு கூட்டச் சொல்கிறது. இந்த இழுபறியில் பலர் வாங்கிப் போடுவது மெல்லிய, உடம்போடு ஒட்டிய, இழுத்தால் நீளும் முழுக்கை டி-சர்ட்டும் லெகிங்ஸும். இரண்டு பக்கமும் தோற்பது இந்த உடைதான். கொசு அதன் வழியாகவே கடிக்கும், உள்ளே காற்றும் போகாது. வேண்டியது இதற்கு நேரெதிர்: நெருக்கமாக நெய்த, இழுபடாத துணியில், உடம்பைவிட்டு விலகி நிற்கும் தொளதொளப்பான உடை. அந்த இடைவெளி கொசுவின் ஊசியை எட்டவிடாது. காற்று போய்வருவதற்கும் அதுதான் வழி.

துணி வழியாகக் கொசு கடிப்பது எப்படி

கொசுவின் உறிஞ்சுகுழல் சுமார் 2 மி.மீ. நீளம். அது நூலைத் துளைப்பதில்லை; நூலுக்கும் நூலுக்கும் நடுவே இருக்கும் சந்தில் நுழைகிறது. குழலின் வெளியுறை மடங்கி வெளியே நின்றுவிட, உள்ளிருக்கும் ஊசிக்கட்டு மட்டும் தோலுக்குள் இறங்கும். அந்தக் கட்டு தலைமுடியைவிட மெல்லியது. ஆகவே துணிமேல் உட்கார்ந்த கொசு கடிக்க வேண்டுமானால் இரண்டு வசதிகள் வேண்டும்: நுழைய ஒரு சந்து, அதற்குப் பின்னாலேயே தோல். இரண்டில் ஒன்றைக் கெடுத்தால் போதும் என்று தோன்றும். நடைமுறையில் இரண்டையும் கெடுக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு தொளதொளப்பான உடையும் சில இடங்களில் தோலோடு ஒட்டியே தீரும். சட்டை தொங்குவதே தோளில்தான்; தோள் முனையும் தோள்பட்டை எலும்பும் எப்போதும் துணியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கையை மடக்கினால் முழங்கை, உட்கார்ந்தால் தொடை, முழங்கால், பின்பக்கம். நல்ல சட்டை போட்டும் தோளில் மட்டும் தடித்துப்போய் வருகிறவர்கள் இருப்பது இதனால்தான். இந்த இடங்களைக் காப்பது நெசவின் நெருக்கம் மட்டுமே.

பனியன் துணிக்கு இங்கே இடமில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். அது வளையம் வளையமாகப் பின்னப்பட்டது. இழுத்தால் வளையங்கள் திறந்துகொள்ளும். உடம்பில் இறுகும்போதே இழுபடுகிறது, இழுபடும்போதே சந்து விரிகிறது. ஓடுபவர்களுக்கென்று விற்கும் “வேகமாக உலரும்” டி-சர்ட்டுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். வியர்வைக்கு நல்லவை, கொசுவுக்குத் திறந்த வாசல்.

துணியைச் சோதிப்பது

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. செல்பேசி டார்ச்சைத் துணிக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் மங்கலாகப் பரவித் தெரிந்தால் நெசவு நெருக்கம். புள்ளி புள்ளியாக ஊசிக்கண் போலத் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம். பிறகு அதே துணியை மடக்கிய கைமுட்டிமேல் இழுத்துப் பிடித்து மீண்டும் பாருங்கள். இழுக்காதபோது தேறிய பல துணிகள் இங்கே விழும். அடுத்தது, துணியை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பது. தடையே இல்லாமல் காற்று வெளியேறினால் நெசவு தளர்ச்சி. கொஞ்சமும் போகவில்லை என்றால் அது மழைக்கோட்டுத் துணி, அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஏற முடியாது. சற்று அழுத்தி ஊதினால் மறுபக்கம் காற்று வந்து கையில் பட வேண்டும், அந்த அளவே சரி.

எடையைச் சொல்ல ஜிஎஸ்எம் என்ற அளவு இருக்கிறது; ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. சட்டைக்கு 100 முதல் 130, பேன்ட்டுக்கு 130 முதல் 170 வரை பார்க்கலாம். லேபிளில் இது இல்லாத உடைகளே அதிகம், அப்போது டார்ச்சை நம்புங்கள். எடை கூடினால் கொசு நுழையாது என்றும் எண்ண வேண்டாம். தடிமனான பனியன் துணியைவிட அதில் பாதி எடையுள்ள, மெல்லிய நூலில் நெருக்கி நெய்த நைலான் நன்றாகத் தடுக்கும்.

நூல் வகையில் நைலான் முதலிடம். உரசலைத் தாங்கும், முள்ளில் எளிதில் கிழியாது, தோலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். காற்றிலிருந்து தன் எடையில் சுமார் 4 சதவீத ஈரத்தை இழுத்துவைக்கும். பாலியஸ்டர் இழுப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. அதனால் இன்னும் சீக்கிரம் காயும், ஆனால் இரண்டாம் நாளே நாற்றம் பிடித்துக்கொள்ளும். பருத்தியைப் பற்றி மலையேறுபவர்களிடையே ஒரு கறாரான தடை உண்டு. அது குளிர்மலைகளில் பிறந்த விதி; ஈரப்பருத்தி உடம்பைக் குளிரவைத்து ஆபத்தாகும் இடங்களுக்கானது. வறண்ட வெயிலில் நெருக்கமாக நெய்த பாப்ளின் பருத்திச் சட்டை தாராளமாகப் போடலாம். ஆனால் கொசு மொய்க்கும் இடங்கள் பெரும்பாலும் புழுக்கமானவை. அங்கே பருத்தி நனைந்தால் நனைந்தபடியே கிடக்கும், தோலோடு ஒட்டும். ஒட்டியதும் நாம் பாடுபட்டுத் தேடிய இடைவெளி போய்விடும். லினன் குளுமையானது, நெசவு தளர்ச்சியானது. டார்ச் சோதனையில் பெரும்பாலும் தேறாது. லைக்ரா அல்லது எலாஸ்டேன் 5 சதவீதம் வரை கலந்த நெசவுத் துணி பரவாயில்லை. அதற்கு மேல் போனால் இழுபடும் துணியாகவே நடந்துகொள்ளும், விரட்டி மருந்து பட்டால் கெட்டும் போகும். அது பின்னால் வருகிறது.

நெருக்கமான நெசவு வெயிலையும் தடுக்கிறது. யுபிஎஃப் 50 என்று குறித்த துணி புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-சர்ட் ஐந்தில் ஒரு பங்கைக்கூட உள்ளே விட்டுவிடலாம்; நனைந்தால் இன்னும் கூடும்.

சட்டை

வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாக எடுங்கள். பட்டன் எல்லாம் போட்ட பிறகு, அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் துணியைக் கிள்ளினால் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. கையில் வர வேண்டும். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். கஃப், அதாவது கைமுனைப் பட்டை, மணிக்கட்டைவிட்டு ஏறக்கூடாது, சட்டையின் கீழ்விளிம்பு இடுப்புக்கு மேலே போகக்கூடாது. பிறகு முன்னால் குனிந்து கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். முதுகில் துணி விறைத்து நின்றால், பையைச் சுமந்து நடக்கையில் கொசுவுக்கு அங்கே நல்ல மேய்ச்சல் நிலம்.

முன்பக்கம் முழுக்கத் திறக்கும் பட்டன் சட்டைதான் வேண்டும், தலைவழியாகப் போடுவது வேண்டாம். காற்றடிக்கும் முகட்டில் முழுவதும் திறந்துவிடலாம், தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் கழுத்துவரை மூடலாம். காலர் உயரமாக, தூக்கி நிறுத்தினால் பிடரியை மறைப்பதாக இருக்கட்டும். கைகளை மடித்து மாட்டிவைக்க உட்பக்கம் நாடாவும் பட்டனும் இருக்கின்றனவா பாருங்கள். கொசு சுமாராக மணிக்கு 2 கி.மீ. வேகத்தில்தான் பறக்கும், மிதமான காற்றிலேயே திணறும். நடந்துகொண்டிருக்கும்போது தொல்லை குறைவதும், நின்ற உடனே மொய்ப்பதும் இதனால்தான். ஆகவே நடக்கும்போது மடித்துவிடுவதும் நிற்கும்போது இறக்கிவிடுவதும் நாள் முழுக்க நடக்கும் வேலை. அதற்கு ஒத்துழைக்காத சட்டை எவ்வளவு நல்ல துணியானாலும் எரிச்சலையே தரும்.

முதுகில் மேல்துண்டுக்கு அடியில் காற்றுவழி வைத்த சட்டைகள் நல்லவை, ஒரு நிபந்தனையோடு. அந்த வழியில் வலைத்துணி தைத்திருக்க வேண்டும், அதன்மேல் ஒரு மடிப்பு விழுந்து மூடியிருக்க வேண்டும். அக்குளில் வெறும் வலை வைத்தவற்றைத் தவிர்த்துவிடுங்கள், அங்கே வலை தோலை நேரே தொடும். மார்பில் இரண்டு பெரிய பைகள் இருந்தால் அந்த இடம் இரட்டைத் துணியாகிவிடும். ஆனால் அடைத்து வைத்தால் அங்கேதான் வியர்வை தேங்கும்.

பேன்ட்

முக்கால் பேன்ட், ஷார்ட்ஸ் இரண்டும் வேண்டாம். முழங்காலில் ஜிப் வைத்துக் கழற்றும் ரகத்தைப் பலர் விரும்புகிறார்கள். புழுக்கத்தில் அந்த ஜிப் முழங்காலுக்கு மேலே நாள் முழுக்க உரசும், கொசு இருக்கும் இடத்தில் கழற்றவும் போவதில்லை. பிறகு எதற்கு அது?

தொடை இடுக்கில் தனியாகச் சாய்சதுரத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் கூடும் சாதாரணத் தையல், வியர்வையோடு சேர்ந்து தொடையைப் புண்ணாக்கும். படிபோன்ற ஏற்றத்தில் அங்கேதான் கிழியவும் செய்யும். போட்டுப் பார்க்கும்போது முழுக்கக் குந்தி உட்காருங்கள். தொடையிலும் முழங்காலிலும் துணி விறைக்கக்கூடாது. உட்கார்ந்த நிலையில் தொடைமேல் துணியைக் கிள்ளினால் 2, 3 செ.மீ. வர வேண்டும். ஓய்வெடுக்க உட்காரும்போது அதிகம் கடிபடுவது தொடையின் மேல்பக்கம் என்பதால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

கால்முனையில் நாடாவோ இழுத்துக் கட்டும் வசதியோ அவசியம் வேண்டும். திறந்த கால்முனை வழியாக ஏறிய கொசு உள்ளேயிருந்து கடிக்கும். ஆனால் கணுக்காலிலிருந்து மேல்வரை இறுகிப்போகும் ஜாகர் வகை வேண்டாம். முனை மட்டும் இறுக, மேலே அகலமாக இருக்க வேண்டும். இடுப்பில் தடித்த எலாஸ்டிக் வியர்வையைப் பிடித்துவைக்கும், பையின் இடுப்புப் பட்டைக்கு அடியில் அது வேர்க்குருவாக மாறும். தட்டையான இடுப்பும் மெல்லிய பெல்ட்டும் போதும்.

கணுக்கால்

சட்டைக்கும் பேன்ட்டுக்கும் மணிக்கணக்கில் யோசிப்பவர்கள் இதைக் கோட்டைவிடுகிறார்கள். ஏடிஸ், அனோபிலஸ் என்ற இரண்டு கொசு வகையிலும் பாதத்தையும் கணுக்காலையும் தேடிக் கடிப்பவை உண்டு. அதே இடத்தில் நாம் போடுவது மெல்லிய, இறுகிப் பிடிக்கும், பின்னல் சாக்ஸ். மேலே சொன்ன எல்லாக் குற்றமும் ஒரே இடத்தில்!

சாக்ஸ் நெசவுத் துணியில் வராது என்பதால் வேறு வழிதான் பார்க்க வேண்டும். கெண்டைக்கால் பாதிவரை வரும் சாக்ஸ் எடுத்து, பேன்ட்டின் முனையை அதன்மேல் இறக்கி நாடாவை இறுக்குங்கள். இப்போது சாக்ஸுக்கு மேலே நெசவுத் துணி ஒரு அடுக்காக நிற்கும். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகுவது உண்ணிக்கு நல்லது, அட்டைக்கும் ஓரளவு உதவும், கொசுவுக்கு அவ்வளவு போதாது. செருகிய இடத்துக்குக் கீழே சாக்ஸ் தனியாகத்தானே நிற்கிறது. உண்ணியும் உள்ள இடமானால் செருகிவிட்டு, அதன்மேல் ஷூவின் வாயையும் மூடும் குட்டையான நைலான் கெய்ட்டர், அதாவது கணுக்காலைச் சுற்றிக் கட்டும் உறை, கட்டலாம். கணுக்காலை மூடும் பூட்ஸ் போடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி பாதி குறையும், ஆனால் கால் அதிகமாக வேகும். சாக்ஸுக்கு மெரினோ கம்பளி கலந்தது நல்லது. ஈரத்தை இழுத்துக்கொண்டும் தோலை ஊறவிடாது, நாற்றமும் குறைவு.

தலை, கழுத்து, கை

சுற்றிலும் 7 செ.மீ. விளிம்புள்ள தொப்பி வேண்டும். முன்னால் மட்டும் விளிம்புள்ள கேப் போதாது. முகவலையை முகத்தைவிட்டுத் தள்ளி நிறுத்துவது அந்த விளிம்புதான். வலை மூக்கிலும் காதிலும் ஒட்டினால் வலை இருந்தும் பயனில்லை. வலை கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை வலை வெளிச்சத்தில் பளபளத்துப் பாதையை மறைக்கும். கொசுவலையில் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 156 கண்கள் இருக்கும். கொசுவுக்கு அது போதும், மணல் ஈயும் மிகச்சிறு கடிஈக்களும் அதில் புகுந்துவிடும். அவை உள்ள இடத்துக்குப் போவதானால் கண் இன்னும் நெருக்கமான வலை வேண்டும். காற்றோட்டம் அதற்கேற்பக் குறையும்.

முழுக்க வலைத்துணியிலேயே தைத்த கொசு ஜாக்கெட்டை வெறும் உடம்பின்மேல் போட்டால் தோள், முழங்கை, முதுகு எல்லாம் கடிபடும். சட்டைக்குமேல் தொளதொளவென்று போட்டால் மட்டுமே அதற்கு அர்த்தம். மெல்லிய கையுறையும் உதவும், ஆனால் அதுவும் பின்னல் துணிதான். கொசு மருந்து ஏற்றியதாக இருந்தால் நல்லது.

நிறம்

கறுப்பும் கருநீலமும் வெயிலில் கொதிக்கும், கொசுவுக்கும் எளிதில் கண்ணில் படும். 2022இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏடிஸ் எஜிப்டி கொசுவை வைத்துச் செய்த சோதனையில், கரியமில வாயுவை முகர்ந்த பிறகு அது சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, பச்சைநீலம் ஆகியவற்றை நோக்கிப் பறந்தது. பச்சை, ஊதா, வெள்ளை போன்றவற்றைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வெளிர் காக்கி, வெளிர் சாம்பல், மங்கிய பச்சை எடுத்தால் போதும். ஆப்பிரிக்காவின் செட்சி ஈ உள்ள பகுதிகளில் நீலமும் கறுப்பும் கூடவே கூடாது. அந்த ஈயைப் பிடிக்கும் பொறிகளையே அந்த நிறங்களில்தான் செய்கிறார்கள். நிறம் உதவும், அவ்வளவுதான். வெள்ளைச் சட்டை போட்டவரின் மூச்சையும் கொசு முகரத்தான் செய்கிறது.

துணிக்கு மருந்து ஏற்றுவது

ஒட்டும் இடங்களுக்கும் சாக்ஸுக்கும் கடைசிக் காவல் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. துணியில் தெளிக்க 0.5 சதவீதக் கரைசல் தயாராகக் கிடைக்கும். இது பெரும்பாலும் தொட்டதும் தாக்கும் மருந்து. துணியில் உட்காரும் கொசு நரம்பு தாக்கப்பட்டு விழும், அல்லது கடிக்காமல் பறந்துவிடும். தோலில் பூசுவதற்கானது அல்ல.

வெளியில், காற்று பின்னாலிருந்து வீசும்படி நின்று, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். உடையைக் கொடியில் மாட்டி, 15 செ.மீ. தூரத்திலிருந்து மெதுவாக, துணி நனைந்து நிறம் கருக்கும் அளவுக்குத் தெளிக்க வேண்டும், சொட்டக்கூடாது. ஒரு முழுக்கைச் சட்டைக்குச் சுமார் 90 மில்லி ஆகும். லேபிள் வேறு அளவு சொன்னால் லேபிளையே பின்பற்றுங்கள். தோள், காலர், கஃப், பேன்ட்டின் தொடை, கால்முனை ஆகியவற்றில் ஒரு சுற்று கூடுதலாக. சாக்ஸைக் கணுக்கால் பகுதியில் விரித்துப் பிடித்துத் தெளியுங்கள், விரிக்காவிட்டால் வளையங்களுக்குள் இறங்காது. உள்ளாடைக்கும், தொப்பியில் நெற்றியைத் தொடும் உட்பட்டைக்கும் வேண்டாம். நிழலில் காயவிடுங்கள். 2 மணி நேரம், புழுக்கத்தில் 4 மணி நேரம். முழுக்கக் காயாமல் உடுத்தக்கூடாது.

பூனை இருக்கும் வீட்டில் ஈரத்துணியை அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பூனைக்குப் பெர்மெத்ரின் கொடிய நஞ்சு. மீனுக்கும் அப்படியே, ஆகவே மிச்சக் கரைசலையோ அலசிய நீரையோ ஓடையில் கொட்டக்கூடாது. விவசாயத்துக்கென்று விற்கும் அடர்கரைசலை வாங்கி வீட்டில் நீர்த்துத் தெளிப்பது சிக்கனமாகத் தோன்றும். அதில் கலந்திருக்கும் கரைப்பான்கள் உடையில் போட்டு உடுத்துவதற்காகச் சேர்த்தவை அல்ல, செய்யாதீர்கள்.

கையால் தெளித்தது சுமார் 6 துவைப்பு அல்லது 6 வாரம் தாங்கும். ஆலையிலேயே ஏற்றிய உடைகள் 70 துவைப்பு வரை தாங்கும் என்று குறித்து விற்கப்படுகின்றன. அடிக்கடி நடப்பவர்களுக்கு அதுவே லாபம். வெயிலில் காயப்போட்டால் மருந்து சிதையும், டிரை கிளீனிங் அதை எடுத்தே விடும். துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், அது நூல்மேல் படலமாகப் படிந்து வியர்வை பரவிக் காய்வதைத் தடுக்கும்.

மூடாத இடங்களுக்கு, அதாவது முகம், காது, புறங்கை, கழுத்துக்கு, 20 முதல் 30 சதவீத டீட் அல்லது 20 சதவீத பிக்காரிடின் உள்ள கொசுவிரட்டி. முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு விரட்டி. டீட் எலாஸ்டேன், ரேயான், பிளாஸ்டிக் ஆகியவற்றைக் கெடுக்கும். பூசிய கையோடு கண்ணாடியையோ கைக்கடிகாரத்தையோ கைத்தடியின் பிடியையோ தொட்டால் பிசுபிசுத்துப் போகும். நைலானுக்கும் பருத்திக்கும் கம்பளிக்கும் பாதிப்பில்லை. பிக்காரிடினில் இந்தத் தொல்லை இல்லை, செயற்கைத் துணியே உடுத்துபவருக்கு அது வசதி.

எப்போது மூட வேண்டும்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும்; காலையிலும் மாலை மங்குவதற்கு முன்பும் அதிகம். மலேரியாவின் அனோபிலஸ் அந்திக்கும் விடியலுக்கும் இடையே. முதலாவது உள்ள இடத்தில் நடையுடையே முழுக் காவலாக இருந்தாக வேண்டும். இரண்டாவது மட்டும் உள்ள இடத்தில் நடக்கும்போது கையை மடித்துவிட்டு, மாலை உடையில் கவனம் வைக்கலாம்.

மாலை உடை என்று தனியாக ஒன்று இருப்பது நல்லது. முகாமில் உட்கார்ந்திருக்கும்போது உடல் சூடு குறைகிறது, கொசு கூடுகிறது. ஆகவே அங்கே காற்றோட்டத்தை விட்டுக்கொடுக்கலாம். மொத்த எடையே 100 கிராம் அளவில் வரும், காற்றைத் தடுக்கும் மெல்லிய நைலான் மேல்சட்டை கொசுவுக்கு அநேகமாக ஊடுருவ முடியாதது. நடக்கும்போது போட்டால் பத்து நிமிடத்தில் உள்ளே நனைந்துவிடும், உட்கார்ந்திருக்கும்போது அதற்கு நிகரில்லை. அதோடு ஒரு காய்ந்த சாக்ஸ், காய்ந்த பேன்ட். நனைந்து தொடையில் ஒட்டிய பேன்ட்டோடு சாயங்காலம் உட்காருவதுதான் அன்றைய கடியில் பாதிக்குக் காரணமாகும்.

உள்ளாடை தொடைவரை நீண்ட, தட்டைத் தையல் உள்ளதாக இருக்கட்டும். மேலே நெசவுத் துணி இருப்பதால் இதுமட்டும் பனியன் துணியாக, இறுக்கமாக இருக்கலாம்; உரசலைத் தடுக்க அதுதான் நல்லது. தொடை உரசும் என்று தெரிந்தவர்கள் கிளம்புவதற்கு முன்பே வாஸ்லின் போன்ற ஒன்றைத் தடவிக்கொள்ளுங்கள். சிவந்த பிறகு தடவினால் எரிச்சல் அடங்கும், நடை தேறாது.

புது உடையை நேரே நெடும்பயணத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். ஒருமுறை துவைத்துவிட்டு, மருந்து ஏற்றும் முன்பே, தோளிலும் தொடையிலும் தண்ணீர் தெளித்து நனைத்து, பையை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஏற்றத்தில் நடந்து பாருங்கள். எங்கே ஒட்டுகிறது, எங்கே உரசுகிறது, எத்தனை நிமிடத்தில் காய்கிறது என்பது அப்போது தெரியும். ஒட்டுகிற இடங்களைக் குறித்துக்கொண்டு பெர்மெத்ரினை அங்கே தாராளமாகத் தெளியுங்கள்.